ஆமைப் பாவையைத் தொட்ட மாதியின் பொருட்டு நீள்கழி நாட்டுக்கு விடுத்த ஓலை

மழை தப்பாது வருக. வந்த மழை கரை மீறாது நிற்க. நின்ற நீர் இரு நாட்டு வயலுக்கும் பகையின்றிப் பாய்க.

கடம்பவாரி நாடும் அதன் மலைச்சாரல் ஊர்களும் உடைய, அணிற்கொடி உயர்த்திய கோமகள் பெருங்கொற்றி, பொன்மேட்டு அரண்மனையின் மேல்மாடத்திலிருந்து விடுக்கும் திருவோலை. கழிமுகத்து உப்பளங்களுக்கும் அவற்றை அடுத்த நெல்வயல்களுக்கும் தலைவரும், ஆமைக்கொடி உடையவரும், கொண்ட சொல் மாறாதவரும், மாறச் சொன்னாலும் மாறாதவரும், எம் அத்தை பெற்ற ஒரே மகனுமாகிய நீள்கழி நாட்டுக் கோமான் நெடுஞ்சாத்தனார் திருமுன் இது சென்று சேர்க. உம் கழிகளில் மீன் பொலிக. உம் உப்பு வெண்மை குன்றாதிருக்க. உம் முழங்கால் வலி தணிக. அத்தையாரை யாம் நலம் கேட்டதாகச் சொல்லுக. எம்மை அவர் இன்னமும் அடங்காப்பிடாரி என்றுதான் அழைக்கிறாரா என்பதையும் கேட்டு எழுதுக.

உம் தூதர் காடனார் கொணர்ந்த ஓலையை அவை நடுவே படிக்கக் கேட்டோம். அம்மம்ம, என்ன கோபம்! எம் நாட்டில் அவல் இடித்து விற்கும் மாதி என்பவள் கடம்பேரி மதகில் நிற்கும் உம் ஆமைப் பாவையின்மேல் கைவைத்தாள் என்றும், ஒரு நாட்டார் மறுநாட்டுப் பாவையைத் தொடலாகாது, தொட்டவரை அந்நாட்டுச் சிறைக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் நம் பாட்டன்மார் உடன்படிக்கை அவளால் முறிந்தது என்றும், அணில் நெறியார் நெடுநாள் பொறாமையே அவள் கையாய் நீண்டது என்றும், ஆதலின் அவளைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும், ஆயுள் முழுதும் அவள் உம் சிறையில் உப்பு வாருவாள் என்றும் அதில் கண்டிருந்தீர். கேட்ட எம் அவையோர் கொதித்தெழுந்தனர். யாமோ வாய்விட்டுச் சிரித்தோம். அச்சிரிப்பு உம்மை இகழ்ந்து பிறந்ததன்று. போகப்போக உமக்கே விளங்கும்.

இவ்வோலை இரு நாட்டுக் காப்பறைகளிலும் நெடுங்காலம் கிடக்கப்போவது. ஆதலின் நமக்குப் பின் வருவோரும் அறியச் சிலவற்றைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறோம். உமக்குத் தெரிந்ததுதானே என்று பெருமூச்சு விடாமல் கேட்பீராக. மரமும் செம்பும் கொண்டு சமைத்த பாவைகள் நம் இரு நாட்டிலும் நீர் இறைக்கின்றன, மூட்டை சுமக்கின்றன, கோட்டைக் கதவு திறக்கின்றன. உடல் எந்தத் தச்சன் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றே. நெஞ்சறையில் ஏற்றும் செப்புச் சுருளில்தான் வேறுபாடெல்லாம். எதைப் பார்ப்பது, எதை எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று பாவைக்குச் சொல்லும் அச்சுருளையே நெறி என்கிறோம்.

எம் நாட்டில் வழங்குவது அணில் நெறி. அதை எழுதும் எம் நெறியாளர் சும்மா இருக்கத் தெரியாதவர். முழுநிலவுதோறும் அதைப் புதுக்குவர். புதுக்கும்போதெல்லாம் பாவைகள் ஒரு புது வித்தை கற்கும், ஒரு பழைய வித்தையை மறக்கும். சென்ற புதுக்கத்தில் எம் மடைப்பள்ளிப் பாவைகள் முறுக்குப் பிழியக் கற்றன. உலைமூடியைத் திறக்க மறந்தன. அன்று அரண்மனை முழுதும் முறுக்கே உண்டது. இவையன்றி, செய்துகொண்டிருக்கும் வேலையின் நடுவே, தூக்கிய கை தூக்கியபடி, அவை நாள்தோறும் நின்றும் போகும். ஆயினும் எம் மக்கள் அணிலை விட்டுக்கொடுப்பார்களோ? பாவை நின்றால் யோசிக்கிறது என்பர். குப்புற விழுந்தால் நிலத்தை வணங்குகிறது என்பர். அணிலின் முதுகுக் கோடு மூன்றையும் முன்கையில் பச்சை குத்திக்கொண்டு சந்தையில் கையை ஆட்டி நடப்பர். எம் முன்கையிலும் அக்கோடுகள் உண்டு. மறைக்க மாட்டோம்.

உம் ஆமை நெறியோ உம் பாட்டனார் காலத்தில் எழுதியது, எழுதியபடியே இருப்பது. ஒரு வேலை சொன்னால் ஒரு வேலை செய்யும். பாடாது, ஆடாது, முறுக்குப் பிழியாது; ஆனால் நிற்காது. இதை யாமே சொல்வது கேட்டு எம் அமைச்சர் தூணோரம் இருமுகிறார், இருமட்டும். நல்லதை நல்லது என்று சொல்ல எமக்கென்ன வெட்கம்? உம் மக்கள் பற்றோ எம் மக்கள் பற்றுக்கு இளைத்ததன்று. ஆமைப் பாவை ஒருவன் காலை மிதித்தால், காலை ஏன் அங்கே வைத்தாய் என்று மிதிபட்டவனைத்தான் கேட்பர். அணில் வரைந்த வாசலில் பெண் கொடார். அணிற்பாவை இறைத்த நீரில் கால்கூடக் கழுவார்.

பாவைகள் இப்படி நின்று நின்று போவதால் எம் நாட்டில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. எங்கே எந்தப் பாவை நின்றாலும் அதன் அருகில் இருப்பவர் எவரோ அவர் ‘நானாச்சு!’ என்று குரல் கொடுத்து, அது விட்ட இடத்திலிருந்து அவ்வேலையைத் தொடர்வார். அவர் வணிகரா, புலவரா, வழிப்போக்கரா என்று எவரும் பாரார். பாவை மீண்டும் அசையும்போது வேலையை அதன் கையில் கொடுத்துவிட்டுத் தம் வழியே போவார். இதனால் எம் நாட்டில் தேர் வடம் பிடிக்கத் தெரியாத கணக்கரும் இல்லை, ஏற்றம் இறைக்கத் தெரியாத நாட்டியப் பெண்ணும் இல்லை. உம் தூதர் வந்திறங்கிய நாள் விருந்தில் எம் பரிமாறும் பாவை அவர் இலைக்கு மேலே பாயசக் கரண்டியைச் சாய்த்தபடியே நின்றுவிட்டது. அடுத்த இலையிலிருந்த எம் படைத்தலைவர் ‘நானாச்சு!’ என்று பாய்ந்து கரண்டியைப் பிடித்தார். இல்லையேல் பாயசம் தூதர் மடியில். காடனார் அதைக் கண்டு, பாவைக்கு ஆள் காவல் வைக்கும் நாட்டை இன்றுதான் பார்க்கிறேன் என்று நகைத்தார். அவர் நகைப்பில் நியாயம் இருந்தது. பாயசத்தை மட்டும் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

இனி மதகில் நடந்ததற்கு வருகிறோம். எம் கரைக்காவலரையும், கரைக்குக் கீழே உம் எல்லையில் இருக்கும் மடைப்புறம் ஊரின் மடைக்கண்காணியையும் தனித்தனியே அழைத்துக் கேட்டோம். இருவர் சொல்லும் ஒத்தன. ஏரி எம்முடையது, அதன் கீழுள்ள ஊர் உம்முடையது. ஆதலால் மதகை உம் பாவையே காக்க வேண்டும் என்று உம் பாட்டனார் பிடிவாதம் பிடித்தார், எம் பாட்டனார் இணங்கினார். ஏரிப் படிக்கட்டில் கல் தவளை ஒன்று உண்டு. நீர் அதன் வயிற்றைத் தொட்டால் பாவை சக்கரத்தைத் திருகி மதகைத் திறக்கும். இத்தனை ஆண்டும் திறந்தது. ஆனால் சுருளில் எழுதியிருப்பது யாது? ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி முடியும்வரை நீர் தவளையின் வயிற்றைத் தொட்டால் திற என்பது. இவ்வாண்டு பங்குனி வெயிலில், எவரும் எதிர்பாராதபடி, மலையில் மேகம் உடைந்து கொட்டியது. பங்குனியில் என்ன செய்வது என்று அப்பாவைக்குச் சொன்னவர் இல்லை. ஆகவே அது சக்கரத்தைப் பற்றியபடி அமைதியாய் நின்றது. நீர் தவளையின் வயிற்றைத் தாண்டி, வாயைத் தாண்டி, கண்ணையும் மூடியது.

உம் ஊரார் ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. மடைப்புறத்து மக்கள் கரைமேல் ஏறி வந்து பாவையைப் பார்த்தனர், நீரைப் பார்த்தனர், மறுபடி பாவையைப் பார்த்தனர். கண்காணியார் எம்முன் கூறியதை அவர் வாய்மொழியிலேயே தருகிறோம்: ‘எங்க பாவை திறக்கலைன்னா, திறக்க வேணாம்னுதானே அர்த்தம்? அது தப்புப் பண்ணி நாங்க பாத்ததே இல்லைங்க.’ சிலர் கரைச்சரிவிலேயே புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டனராம். கைக்குழந்தைகளும் கறவை மாடுகளும் கீழே ஊருக்குள். கரையின் மண் மேலே கரைந்துகொண்டிருக்கிறது. இவர்களோ புளிச்சோறு உண்கிறார்கள். ஐயோ நெடுஞ்சாத்தனாரே, இதைக் கேட்டபோது யாம் இருக்கை விட்டு எழுந்தே நின்றுவிட்டோம்.

அவ்வேளையில்தான் மாதி அவல்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைமேல் வந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். உலக்கை பிடித்துப் பிடித்து உரமேறிய கை. பாவை சக்கரத்தின்மேல் கை வைத்தபடி நிற்பதைக் கண்டாள். எம் நாட்டில் நின்ற பாவையைக் கண்டால் எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ‘அடி ஆத்தே, நின்னுல்ல கெடக்கு! நானாச்சு!’ என்று கூவினாள், கூடையை இறக்கினாள். பாவையின் நெற்றியில் இருப்பது ஆமையா அணிலா என்று பார்க்கவும் இல்லை. அதன் விரல்கள் சக்கரத்தை இறுகப் பற்றியிருந்தமையால், அவ்விரல்களின்மேல் தன் விரல்களை வைத்தே திருகினாள். ஆகவே தொட்டாள் என்பது உண்மை. நன்றாகவே தொட்டாள், அதை யாம் மறுக்கவில்லை.

உம்மவர் சினந்து இரைந்தனர். ஒருவர் அவள் கூந்தலைப் பற்றி இழுத்தாராம். மற்றொருவர் புளிச்சோற்றை அவள்மேல் வீசினாராம். சந்தைக்கு அவள் பின்னால் வந்துகொண்டிருந்த எம்மவர், வெற்றிலை விற்போரும் பானை விற்போரும், அவளைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு பக்கம் சக்கரத்தில் கைபோட்டனர். துரு நெரிந்தது, மதகு வாய் திறந்தது, ஏரி கால்வாயில் இரைந்து பாய்ந்தது. சிறிது நேரத்தில் தவளையின் கண் வெளியே தெரிந்தது. கூந்தலைப் பற்றியவர் கையை விட்டார். கண்காணியார் கரையில் அமர்ந்து அழுதார். ‘அந்தத் தவளைக் கண்ணைப் பாக்குற வரைக்கும் எனக்கு உசிரு உசிரா இல்லைங்க’ என்று எம் அவையிலும் சொல்லி மறுபடி அழுதார். யாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இனி எம் சிரிப்பின் காரணம் கேளீர். மாதியை அனுப்புக என்று ஓலை விடுத்தீரே, அவள் எங்கே இருக்கிறாள் என்று எவரேனும் உமக்குச் சொன்னார்களா? உம் நாட்டில்தான் இருக்கிறாள் ஐயா! அன்றே மடைப்புறத்துப் பெண்டிர் குலவையிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். இன்றுவரை திருப்பி அனுப்பவில்லை. ஒரு நாள் இந்தத் தெருவில் விருந்து, மறுநாள் அந்தத் தெருவில். வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் எழுந்தால் இன்னொரு பானை அடுப்பில் ஏறுகிறது. அணில் வாசலுக்குப் பெண் கொடாதவர்கள் மாதியின் மகனுக்கு எந்த வீட்டுப் பெண் என்று தமக்குள் சண்டையிடுகிறார்களாம். அவள் கணவன் எம் வாசலில் வந்து நின்று, மனைவியை மீட்டுத் தருமாறு முறையிட்டிருக்கிறான்; அவனுக்கு அவல் இடிக்க வராது. ஆகவே சிறைப்பிடிப்பைப் பற்றிப் பேசுவதாயின், பிடித்து வைத்திருப்பவர் நீர். கேட்க வேண்டியவர்கள் யாம்.

விளையாட்டு ஒருபுறம் இருக்க. அம்மதகில் எம் அணிற்பாவை காவல் நின்றிருந்தால் யாவும் நலமாய் முடிந்திருக்கும் என்று எம்மவர் தெருத்தெருவாய்ப் பெருமை பேசுகிறார்கள். வெறும் பேச்சு. எம் பாவை அன்று காலையிலேயே நின்றுபோயிருக்கும், அல்லது முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கும். ஆமை நெறி நன்னெறி. மதகுக்கு அதுவே தக்கது. இனியும் அங்கே உம் பாவையே நிற்கட்டும். ஆனால் அது ஒருபோதும் வேலையில் நின்றுபோகாது என்று நம்பி நம்பி, சக்கரம் எப்பக்கம் திரும்பும் என்பதையே உம் மக்கள் மறந்துவிட்டார்கள். எம் மக்கள் அதை மறக்காதது அறிவினால் அன்று. எம் பாவைகள் அவர்களை மறக்க விடவில்லை, அவ்வளவே. இதில் எந்த நெறி வென்றது என்று எம்மைக் கேட்காதீர். மடைப்புறம் பிழைத்தது. அது போதும் எமக்கு, உமக்கும் அது போதும் என்றே நம்புகிறோம். ஆதலால் மாதியை உம் சிறைக்கு விட யாம் ஒருப்படோம். அவள் பொருட்டு யாம் உம்மிடம் வேண்டுவ

து என்னவென்று சொல்லுமுன், மேலே பாதியில் அறுந்த சொல்லையும் இங்கே மாறிய கையெழுத்தையும் கண்டு நீர் புருவம் உயர்த்தியிருப்பீர். யாம் சொல்லச் சொல்ல இவ்வோலையைப் பொறித்து வந்தது எம் எழுதுபாவை. நெற்றியில் அணில் உடையது. மேற்கண்ட சொல்லின் நடுவே, எழுத்தாணி ஓலையில் ஊன்றியபடி, வழக்கம்போல் நின்றுவிட்டது. எம் அமைச்சர் தூண் ஓரத்தில் இருந்தார். ஓலை எழுதுவோர் தலைவராகிய ஓலைநாயகம் நீர் அருந்தப் போயிருந்தார். பாவையின் அருகில் அமர்ந்திருந்தவர் ஒருவரே. பதில் ஓலைக்குக் காத்திருந்த அவர், சட்டென்று முன்னே சாய்ந்து, பாவையின் விரல்களை விலக்கி, எழுத்தாணியை உருவித் தம் கையில் எடுத்து, ‘நானாச்சு’ என்றார்.

அவர் உம் தூதர் காடனார்.

எவரும் அவரை ஏவவில்லை. சொல்லி முடித்தபின்தான் தாம் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது, முகம் சிவந்தது. அவையோ கூரை அதிரக் கைதட்டியது. இருமிக்கொண்டிருந்த எம் அமைச்சரும் தட்டினார். இவ்வரியை எழுத அவர் கை தயங்குகிறது. எழுதும் காடனாரே, எழுதும் என்கிறோம். ஒரு சொல்லும் விடாமல் எழுதும் என்கிறோம். எழுதுகிறார். எழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது; எம் பாவையின் எழுத்தைவிட நன்று.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம், அத்தை மகனே. ஒரு நாட்டார் மறுநாட்டுப் பாவையைத் தொடலாகாது. தொட்டவரை ஒப்படைக்க வேண்டும். பாவை எம்முடையது, தொட்ட கை உம்முடையது. மாதி உமக்குச் சிறைக்குரியவள் ஆயின், காடனார் எமக்குச் சிறைக்குரியவர். அவள் பொறாமையால் தொட்டாள் என்றால், இவர் எந்தப் பொறாமையால் தொட்டார்? வேலை பாதியில் கிடந்தது, கை அருகில் இருந்தது. இருவர் குற்றமும் அதுவே. இருவரையும் சிறையிடுவோமா, இருவரையும் வீட்டுக்கு அனுப்புவோமா என்பதை இனி நீரே சொல்லும். உம் விடை எமக்குத் தெரியும். சிறுவயதில் சண்டையிட்ட மறுகணமே எமக்கு மாங்காய் பறித்துத் தந்தவர் நீர்.

ஆகவே யாம் உம்மை வேண்டுவன: மாதியை வயிறாற உண்பித்தது போதும் என்று மடைப்புறத்தாருக்குச் சொல்லி, அவளை அவள் கணவனிடம் அனுப்புக. உம் சுருளில் பங்குனியையும் எழுதச் செய்க. மற்ற மாதங்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுக. திங்களுக்கு ஒரு நாள், பாவை நன்றாக இருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு, உம் மக்கள் தம் கையால் சக்கரத்தைத் திருகிப் பார்க்கட்டும். அந்நாளில் யாமும் வருவோம். மாதி அவல் கொணர்வாள். உடன்படிக்கையில் தொடலாகாது என்றிருக்கும் வரியை இருவரும் ஒன்றாய் அமர்ந்து அடிப்போம். ஆமை பெரிதா அணில் பெரிதா என்ற வழக்கை மட்டும் முடிக்க வேண்டாம். அது இல்லையேல் நாம் எதைப் பேசிச் சண்டையிடுவது?

வேண்டுகோள் உமக்கு, ஆணை எம்மவர்க்கு. அணில் நெறியாளர் அனைவரும் அறிக: வரும் முழுநிலவில் புது வித்தை ஒன்றும் வேண்டாம். உலைமூடியைத் திறக்கும் பழைய வித்தை திரும்பட்டும். எழுதுபாவை ஒரு சொல்லையாவது முழுமையாக எழுதக் கற்கட்டும். அதுவரை எம் ஓலைகளை எழுத நீள்கழித் தூதரைக் கடனாகக் கேட்போம். இவ்வாணையை மீறுவோர் ஒரு திங்கள் முறுக்கு மட்டுமே உண்ணக் கடவர்.

மதகு திறக்க வேண்டியபோது திறக்க, அடைக்க வேண்டியபோது அடைக்க, அருகில் எப்போதும் ஒரு கை இருக்க. அணில் முத்திரையை அரக்கில் யாமே எம் கையால் பதித்தோம்.

கோமகள் திருவாய் மலர்ந்தபடி ஒரு சொல்லும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதினேன். எழுத்தாணி பிடித்ததற்காகக் கோமான் அடியேனைச் சினந்தாலும் தலைவணங்கி ஏற்பேன். மாதி என்பவளை மட்டும் சினக்க வேண்டா என்று விண்ணப்பம் செய்கிறேன். வழியில் மழை என்கிறார்கள். இவ்வோலை நனையாமல் தங்கள் திருக்கையில் சேர்வதற்கு நானாச்சு.

இவை நீள்கழி நாட்டுத் தூதன் காடன் எழுத்து.